நாலரை மில்லிமீட்டர்

ஜூன் 11, திங்கள்

தினமும் எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். தூக்கம், சாப்பாடு, மாத்திரை, நடத்தை. நடத்தை என்பதை இரண்டு தடவை சொன்னார். வீட்டில் புது நோட்டு இல்லை. நான் தையல் டீச்சராக இருந்தபோது பாடக்குறிப்பு எழுதிய நோட்டில் பின்பாதி காலியாகக் கிடந்தது, அதை எடுத்துக்கொண்டேன்.

தூக்கம்: சுமார். சாப்பாடு: இரண்டு இட்லி, பாலில் பிசைந்து. மாத்திரை: கொடுத்தாயிற்று. நடத்தை: கட்டிலில் கிடக்கிறார், ஜன்னலைப் பார்க்கிறார். பக்கவாதம் வந்து இன்றோடு மூன்று வாரம். வலது கையும் வலது காலும் போய்விட்டன. பேச்சில் ஒரே ஒரு வார்த்தை மிச்சம், "நாளைக்கு". தண்ணீர் வேண்டுமா என்றால் நாளைக்கு. வலிக்கிறதா என்றால் நாளைக்கு.

முப்பத்தெட்டு வருஷமாக வீட்டில் எந்த வேலை சொன்னாலும் இந்த மனிதர் இதே பதிலைத்தான் சொன்னார், எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை என்று பெலிக்ஸிடம் போனில் சொன்னேன். பெலிக்ஸ் எங்கள் ஒரே பிள்ளை, ஓசூரில் வேலை. அவன் சிரிக்கவில்லை. எனக்கும் சிரிப்பு வரவில்லை, சும்மா சொல்லிப் பார்த்தேன்.

ஜூன் 14, வியாழன்

ஆஸ்பத்திரி. ஆட்டோவில் ஏற்றி இறக்குவதற்குள் என் இடுப்பு விட்டுப்போயிற்று.

டாக்டர் கேட்டார், "இதுக்கு முன்னாடி இவருக்கு மறதி, தடுமாற்றம், செய்யுற வேலைல குளறுபடி, அப்படி ஏதாவது இருந்துச்சாம்மா?"

"ஏன் சார் கேக்குறீங்க?"

"பேச்சு போறது வேற, புத்தி தளர்றது வேற. பேச்சு மட்டும்னா பயிற்சி கொடுத்து ஓரளவுக்குக் கொண்டு வந்துரலாம். முதல் மூணு மாசந்தான் முக்கியம். புத்தியும் முன்னாடியே தளர ஆரம்பிச்சிருந்தா பயிற்சியால பிரயோஜனம் இல்ல, பாத்துக்க ஆள் வச்சுக்கிட்டாப் போதும். நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

வழியெல்லாம் யோசித்தேன். சாவியை மறந்தது, கேஸ் அடுப்பை அணைக்காதது. அதெல்லாம் நானும்தான் செய்கிறேன்.

ஜூன் 17, ஞாயிறு

இவருடைய புத்தக அறையை இன்றுதான் பெருக்கினேன். நல்லா இருந்த காலத்தில் துடைப்பத்தோடு வாசற்படி தாண்டவே விடமாட்டார்.

தெரியாதவர்கள் இதைப் படித்தால் புரியட்டும் என்று எழுதுகிறேன். என் வீட்டுக்காரர் இன்னாசிமுத்து, பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் சார்ஜ்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். அறையில் நாற்பத்து மூன்று தடிப் புத்தகங்கள். எல்லாம் இத்தாலி நாட்டுப் போர் விமானங்களைப் பற்றியவை. எந்த விமானத்துக்கு எந்த வருஷம் என்ன பச்சை அடித்தார்கள், வாலில் என்ன எண் எழுதினார்கள், எந்தத் தொழிற்சாலையில் எத்தனை செய்தார்கள், இதுதான் உள்ளே. கதை ஒன்றும் கிடையாது. இதைப் படிக்கிறவர்கள் உலகத்தில் இரண்டே ரகம் என்பார், சரித்திரம் எழுதுகிறவர்கள், பொம்மை விமானம் செய்கிறவர்கள். இவர் இரண்டாவது ரகம், ஆனால் முதல் ரகத்துக்குக் கடிதம் எழுதித் திருத்தம் சொல்வார். அகராதியை வைத்துக்கொண்டு இத்தாலி பாஷை படித்தார். பூசைக்கு எட்டிப் பார்க்காத மனிதர், ரோமில் படித்துவிட்டு வந்த பங்குச்சாமியாரை வாரம் தவறாமல் போய்ப் பார்த்தார். எல்லாம் சந்தேகம் கேட்கத்தான்.

ஏங்க, விமானம்னா அமெரிக்கா இருக்கு, ஜெர்மனி இருக்கு, தோத்துப்போன இத்தாலி எதுக்கு என்று ஒருநாள் கேட்டேன். "ஜெயிச்சவன் கணக்கா எழுதி வச்சுட்டான் ஜெசி. தோத்தவன் எழுதினதத்தான் தேடிப் படிக்கணும்" என்றார்.

மேஜையில் ஒரு பழைய தினத்தாள் எதையோ மூடியிருந்தது. எடுத்துப் பார்த்தால் பாதி முடித்த விமானம். பக்கவாதம் வந்த அன்று செய்துகொண்டிருந்தது இதைத்தான். மாக்கி 202 என்று டப்பாவில் போட்டிருக்கிறது. சாயம் அடிக்கவில்லை, வெறும் சாம்பல் பிளாஸ்டிக். நேராகப் பிடித்துப் பார்த்தபோது என்னவோ உறுத்தியது. இருபத்தொன்பது வருஷம் பிள்ளைகளின் சட்டைக்கு இரண்டு கையும் சமமாக இருக்கிறதா என்று பார்த்த கண் எனக்கு. டேப்பை வைத்து அளந்தேன். இடது இறக்கை வலதைவிட நாலரை மில்லிமீட்டர் நீளம்.

உற்றுப் பார்த்தேன். இடது இறக்கை உடம்போடு சேரும் இடத்தில் வெள்ளைப் பிளாஸ்டிக் துண்டு ஒன்றைத் தனியாக வெட்டி ஒட்டியிருக்கிறார். டப்பாவில் இருந்த செய்முறைத் தாளை விரித்தேன். அதில் இரண்டு இறக்கையும் சமம். அந்தத் துண்டுக்குத் தாளில் இடமே இல்லை.

மேஜை நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஒர்க்‌ஷாப்பில் அரை நூல் பிசகினாலும் ரயில் பெட்டியைத் திருப்பி அனுப்பின மனிதர். எப்போதிலிருந்து இப்படி? ஒரே வீட்டில் இருந்துகொண்டு நான் எதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்?

ஜூன் 20, புதன்

விமானத்தைச் செருப்பு டப்பாவில் பஞ்சு வைத்துக் கொண்டுபோய் டாக்டரிடம் காட்டினேன். தாளையும் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எத்தன வருஷமா செய்யுறாரு?" "இருபத்தஞ்சு வருஷம் சார்." "அப்ப கை பழகினவரு. இந்தத் தப்பு வரக்கூடாது." ஏதோ எழுதிக்கொண்டார். பேச்சுப் பயிற்சி இப்போதைக்கு வேண்டாம் என்றார். புது மாத்திரை ஒன்று, இரவில்.

நல்லவேளை கண்டுபிடித்தோம் என்று நர்ஸ் சொன்னாள். ஆமாம் என்றேன்.

ஜூன் 26, செவ்வாய்

பெலிக்ஸ் வந்திருந்தான். ஓசூர் பக்கத்தில் ஓர் இல்லம் இருக்கிறதாம், புத்தி தளர்ந்தவர்களுக்கென்றே. "உனக்கு அறுபத்திரண்டு வயசும்மா. நீ எத்தன நாளைக்கு அப்பாவத் தூக்கித் திருப்பிட்டு இருப்ப? அப்பாவுக்கு எங்க இருக்கோம்னே தெரியப்போறதில்ல." கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றுதான் பேசினோம். இவர் எங்களை மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பார்க்கிறாரே என்றேன். "ஃபேனையும் அப்படித்தாம்மா பாக்குறாரு" என்றான். அவன் கண் கலங்கியிருந்தது.

ஜூலை 2, திங்கள்

அந்த இறக்கை மனசை விட்டுப் போகவில்லை. சாமான் துடைக்கப் போனாலும் கண்ணில் நிற்கிறது. இன்று மத்தியானம் இவர் தூங்கியதும் சரிசெய்துவிட்டேன். பிளேடால் ஒட்டிய இடத்தைப் பிரித்தேன், தையல் பிரிக்கிற மாதிரி மெதுவாக. வெள்ளைத் துண்டை எடுத்துவிட்டு இறக்கையைத் திரும்ப ஒட்டி, நகம் ராவும் அட்டையால் தேய்த்தேன். இப்போது இரண்டு பக்கமும் சமம். கண்ணுக்கு நிம்மதியாக இருக்கிறது.

அந்தத் துண்டை வெட்டியிருந்த நேர்த்தி ஆச்சரியம். விளிம்பில் ஒரு பிசிறு இல்லை. குழம்பின கைக்கு எப்படி இப்படி வரும் என்று தெரியவில்லை. பழக்கதோஷம் போலிருக்கிறது.

ஜூலை 3, செவ்வாய்

சந்தோஷப்படுவார் என்று நினைத்துக் கொண்டுபோய்க் காட்டினேன்.

இடது கையால் வாங்கினார். முகத்துக்கு நேரே பிடித்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். முகம் சிவந்தது. "நாளைக்கு, நாளைக்கு, நாளைக்கு" என்று சத்தம் போட்டார். கழுத்து நரம்பெல்லாம் புடைத்துவிட்டது. விமானத்தைச் சுவரில் எறிந்தார். கையை அறைப் பக்கமாக நீட்டி நீட்டிக் காட்டினார். அங்கே என்ன இருக்கிறது, புத்தகம்தான் இருக்கிறது. சமாதானப்படுத்த ஒரு புத்தகத்தை எடுத்துவந்து மடியில் வைத்தேன். அதைப் புரட்டிப் பார்த்துவிட்டுத் தள்ளினார். இன்னொன்று கொண்டுவந்தேன். அதையும் தள்ளினார். மூன்றாவதற்கு எனக்குப் பொறுமை இல்லை. அடங்குங்க என்று அதட்டினேன்.

நடத்தை: முரட்டுத்தனம். பொருளை எறிந்தார். காரணம் இல்லை.

டாக்டருக்குப் போன் செய்தேன். இரவு மாத்திரையைக் காலையிலும் கொடுக்கச் சொன்னார்.

ஜூலை 8, ஞாயிறு

இவருடைய சட்டைகளைப் பிரித்து, சுலபமாகப் போட்டுவிட வசதியாகத் தைத்துக்கொண்டிருந்தேன். குனிந்து தலையணையைச் சரிசெய்யும்போது என் கழுத்தில் கிடந்த டேப்பைப் பிடித்துக்கொண்டார். விடவே இல்லை. ஒரு முனையைத் தன் இடது தோளில் வைக்கப் பார்க்கிறார், மறு முனை நழுவுகிறது. மறுபடி வைக்கிறார். விரல் விரலாகப் பிரித்துத்தான் வாங்க வேண்டியிருந்தது.

பெலிக்ஸ் வீடியோவில் பார்த்துக்கொண்டிருந்தான். "கொழந்த மாதிரி ஆயிட்டாருல்ல" என்றான்.

ஜூலை 15, ஞாயிறு

தூங்கினார்.

ஜூலை 16, திங்கள்

தூங்கினார். வாயோரம் எச்சில் வழிகிறது, துடைத்தால்கூட முழிக்கவில்லை. இதுதான் அமைதி என்றால் பழைய சத்தமே தேவலை. யாரிடமும் சொல்லவில்லை.

ஜூலை 21, சனி

ஓசூரில் ஆகஸ்ட் பதினைந்துக்குப் பிறகு ஒரு கட்டில் காலியாகிறதாம். பெலிக்ஸ் பதிவு செய்துவிட்டான். புத்தகங்களுக்கு ஒரு பட்டியல் எழுதி வைக்கச் சொன்னான். தாம்பரத்தில் இருக்கிற பீர் முகமது எடுத்துக்கொள்ளச் சம்மதித்திருக்கிறார். அவர் விமானப்படையில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர், பொம்மை விமானச் சங்கத்தில் இவருக்குப் பழக்கம். வருஷத்துக்கு ஒருமுறை வந்து இரண்டு பேரும் அறைக்குள் போனால் சாயங்காலம்தான் வெளியே வருவார்கள்.

நான் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. எது சரி என்று தெரிந்தால்தானே சொல்வதற்கு.

ஜூலை 27, வெள்ளி

பட்டியல் எழுத உட்கார்ந்தேன். காலையில் உட்கார்ந்தவள் இன்னும் அடுப்பைப் பற்றவைக்கவில்லை.

எழுத்து புரியாவிட்டாலும் படம் புரிகிறது. இந்தப் புத்தகங்களின் கடைசியில் விமானத்தின் படத்தை மேலிருந்து பார்த்த மாதிரி, முன்னாலிருந்து பார்த்த மாதிரி கோட்டில் வரைந்து அளவு போட்டிருக்கிறார்கள். துணி வெட்டப் போடும் அளவுப்படம்தான், வேறொன்றுமில்லை. பதினொன்றாவது புத்தகத்தில் மாக்கி 202 வந்தது. நடுக்கோட்டிலிருந்து இடது இறக்கைக்கு ஓர் எண் போட்டிருக்கிறது, வலது இறக்கைக்கு வேறு எண். இரண்டு பக்கமும் ஒரே அளவு என்றால் ஓர் எண்தானே போடுவார்கள்? எந்தத் தையல்காரியும் அப்படித்தான் போடுவாள்.

அச்சுப்பிழை என்று நினைத்தேன். கழித்துப் பார்த்தேன், இருபத்தொரு சென்டிமீட்டர். டப்பாவைப் பார்த்தேன், பொம்மை நிஜத்தில் நாற்பத்தெட்டில் ஒரு பங்கு. வகுத்தேன். நாலரைக்குக் கொஞ்சம் குறைய வருகிறது, மில்லிமீட்டரில்.

இன்னொரு இத்தாலிப் புத்தகத்தில் தேடினேன். அதிலும் அப்படியே. ஆங்கிலப் புத்தகம் ஒன்றில் இரண்டு இறக்கையும் சமமாக இருந்தது. அப்பாடா என்று மூச்சு விட்டேன். அப்புறம் கவனித்தேன், அந்தப் படத்தின் குறுக்கே பென்சிலில் பெருக்கல் குறி. பக்கத்தில் இவருடைய பொடி எழுத்து: "தவறு. இடது நீளம். ஆசிரியருக்கு எழுதியாயிற்று." போன வருஷம் செப்டம்பர் தேதி.

விமானம் செய்கிறவன் ஒரு பக்கத்தை மட்டும் நீளமாக வைப்பானா? வைத்தால் அது பறக்குமா? இத்தாலிக்காரனுக்கும் இவருக்கும் சேர்த்தா புத்தி போயிற்று? இல்லை எனக்கா?

ஜூலை 28, சனி

பீர் முகமதுக்குப் போன் போட்டேன். புத்தகத்தைப் பற்றிக் கேட்கிற மாதிரி ஆரம்பித்தேன்.

"தம்பி, அந்த மாக்கி 202ன்னு ஒண்ணு இருக்கே, அதுக்கு ரெண்டு இறக்கையும் சமந்தானே?"

சிரித்தார். "என்ன அண்ணி, அண்ணன் வீட்டுல இருந்துக்கிட்டு இப்படிக் கேக்குறீங்க? இடதுதான் பெருசு. முன்னால காத்தாடி சுத்துற வேகத்துல விமானம் இடது பக்கம் சாயப் பாக்கும். அதத் தூக்கிப் பிடிக்கத்தான் அந்தப் பக்கம் கொஞ்சம் நீட்டி வச்சான். பழைய டப்பாங்கள்ல சமமாப் போட்டுட்டான், நாங்களும் அப்படியேதான் செஞ்சுக்கிட்டு இருந்தோம். அண்ணன்தான் புத்தகத்தக் காட்டி, எல்லாரையும் துண்டு வச்சு ஒட்ட வச்சாரு. இப்ப எதுக்குக் கேக்குறீங்க?"

"சும்மாதான் தம்பி. பட்டியல் எழுதுறேன்."

போனை வைத்துவிட்டேன். துண்டைத் தேடினேன். குப்பையோடு போய்விட்டது, இருபத்தாறு நாள் ஆகிறது.

இன்றைக்கு இரண்டு வேளையும் அந்த மாத்திரை கொடுக்கவில்லை. டாக்டரைக் கேட்கவில்லை.

ஜூலை 30, திங்கள்

ஆஸ்பத்திரி. மூன்று புத்தகத்தையும் பையில் தூக்கிக்கொண்டு போனேன். கை அற்றுப்போகிற கனம்.

மாத்திரையை நானாக நிறுத்தியதற்கு டாக்டர் திட்டினார். ஆபத்து என்றார், ஒத்துக்கொண்டேன். பிறகு படத்தை விரித்து வைத்தேன், பென்சில் குறியைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ஒரு பொம்மய வச்சு அவரு நல்லா இருக்காருன்னு நான் எழுத முடியாதும்மா."

"அதே பொம்மய வச்சுத்தான சார் நல்லா இல்லன்னு எழுதினீங்க?"

சத்தமாகச் சொல்லிவிட்டேன் போல. வெளியே உட்கார்ந்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். டாக்டர் கோபப்படவில்லை. கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். தப்புதான், இன்னும் இரண்டு சோதனை செய்துவிட்டு எழுதியிருக்க வேண்டும் என்றார். மாத்திரையை எப்படிக் குறைத்து நிறுத்துவது என்று எழுதிக் கொடுத்தார், பேச்சுப் பயிற்சிக்கும் சீட்டு எழுதினார்.

தப்பு அவருடையது என்று சொல்லிக்கொண்டு வீடு வரைக்கும் வந்தேன். செருப்பு டப்பாவில் பஞ்சு வைத்துக் கொண்டுபோனது யார் என்று ஆட்டோவை விட்டு இறங்கும்போதுதான் தோன்றியது.

ஆகஸ்ட் 6, திங்கள்

முழித்திருக்கிறார். காலையில் காபியைத் தானே பிடித்துக் குடித்தார், பாதி சட்டையில்.

பேச்சுப் பயிற்சிக்கு நசீமா என்று ஒரு பெண் வந்தாள். ஆமாம் என்றால் இடது கைக் கட்டைவிரலைத் தூக்க வேண்டும், இல்லை என்றால் கையை மூடிக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான் முதல் பாடம். பத்து நிமிஷத்தில் பிடித்துக்கொண்டார். "உங்க பேரு சூசையா?" மூடினார். "இன்னாசிமுத்துவா?" தூக்கினார். "திருச்சி கடலோரத்துல இருக்கா?" மூடிவிட்டு அவளை ஒரு பார்வை பார்த்தார் பாருங்கள், ஒர்க்‌ஷாப்பில் பார்க்கிற அதே பார்வை.

போகும்போது வாசலில் நின்று கேட்டாள். "எல்லாமே புரியுதே இவருக்கு. ஏன்மா ரெண்டரை மாசம் சும்மா விட்டீங்க? ஆரம்பத்துலயே வந்திருந்தா இன்னும் நாலு வார்த்த வந்திருக்கும்."

டாக்டர் லேட்டாகத்தான் சொன்னார் என்றேன்.

ஆகஸ்ட் 7, செவ்வாய்

பெலிக்ஸிடம் எல்லாம் சொன்னேன். "அப்ப அன்னிக்கு நாம கட்டில் பக்கத்துல நின்னு பேசினது?" என்றான். எனக்குத் தெரியாது என்றேன். ஓசூர் கட்டிலை வேண்டாம் என்று சொல்லிவிட்டான்.

ஆகஸ்ட் 9, வியாழன்

இன்றைக்கு இது டாக்டருக்கான பக்கம் இல்லை.

இரண்டு நாளாகக் கேட்கத் தைரியம் வரவில்லை. பாத்திரம் தேய்த்தேன், பரண் துடைத்தேன், பக்கத்து வீட்டுத் துணியைக்கூடத் தைத்துக் கொடுத்தேன். சாப்பாட்டுத் தட்டோடு போய் ஸ்டூலைப் போட்டு முன்னால் உட்கார்ந்தேன்.

"என்னங்க. அந்த இறக்கைய நான்தான் வெட்டினேன். சரிபண்றதா நெனச்சு வெட்டினேன்."

கட்டைவிரலைத் தூக்கினார். தெரியும் என்கிறார்.

"அதுக்கு முன்னாடி டாக்டர்கிட்ட கொண்டுபோய்க் காட்டினேன். உங்களுக்குப் புத்தி சரியில்லன்னு சொன்னேன். அது தெரியுமா?"

தூக்கினார்.

"பெலிக்ஸ் ஓசூர்ல கொண்டு விடணும்னு சொன்னானே, இங்கதான் நின்னு பேசினோம். கேட்டுச்சா?"

தூக்கினார்.

"டேப்பப் புடிச்சீங்களே, இடது பக்கந்தான் நீளம்னு எனக்கு அளந்து காட்டத்தானா?"

தூக்கினார். சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தேன், கூழாகிவிட்டது. உள்ளே முழு மனிதராக உட்கார்ந்துகொண்டு, நாங்கள் பேசிய ஒவ்வொரு வார்த்தையையும் கேட்டிருக்கிறார். மாத்திரையைத் தொண்டையில் போட்டுத் தண்ணீர் ஊற்றியது நான். வாயைத் திற, நல்ல பிள்ளை என்று சொல்லி ஊற்றினேன்.

"என் மேல கோபமா?"

கட்டைவிரலைத் தூக்கினார். கீழே இறக்கவில்லை. கை நடுங்க ஆரம்பித்த பிறகும் அப்படியே பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். தன்னைப் பற்றி இந்த நோட்டில் காரணம் இல்லை என்று எழுதியவளைக் காரணத்தோடு பார்த்தார்.

"இருக்கட்டும்ங்க. எத்தன நாள் வேணும்னாலும் கோபமாவே இருங்க" என்றேன். அழுதுவிட்டேன். அந்தக் கையைப் பிடித்து இறக்கி மடியில் வைக்கப் போனேன், வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். வேறு சாதம் போட்டுக் கொண்டுவந்தேன். ஊட்டப் போனால் முகத்தைத் திருப்பிக்கொண்டு, ஸ்பூனை வாங்கித் தானே சாப்பிட்டார். மேலெல்லாம் சிந்தியது. நான் துடைக்கவில்லை, முடிக்கும் வரைக்கும் எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன்.